அந்துவன் வாங்கிய எல்.சி.

இதில் எதையும் நான் என் கண்ணால் பார்க்கவில்லை, கடைசியில் வரும் ஒன்றைத் தவிர. கொற்றலூர் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கும் ஜெயசீலி தன் அக்கா மகன் ரூபனிடம் சொன்னது, ரூபன் என்னிடம் சொன்னது. அவனும் நானும் ஒரே அறையில் தங்கி ஒரே வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். படிப்பு கசக்கும்போதெல்லாம் அவன் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்றாமல் சொன்னதால் நம்பினேன். எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

முதலில் எல்.சி. என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. கம்பத்தில் ஏறப்போகிறவர் மின்நிலையத்துக்குப் போன் செய்து இன்ன லைனுக்கு எல்.சி. வேண்டும் என்று கேட்பார். ஆபரேட்டர் அந்த லைனை நிறுத்தி, பூட்டி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற சிவப்புப் பலகையைத் தொங்கவிட்டு, கொடுத்தாச்சு என்பார். வேலை முடிந்ததும் வாங்கிய அதே ஆள், அதே குரலில், ஆளெல்லாம் இறங்கியாச்சு, எல்.சி.யைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னால்தான் மறுபடி கரண்ட். வாங்கியவரைத் தவிர வேறு யாரும் திருப்பித் தர முடியாது. இன்ஜினியர் சொன்னாலும் முடியாது, மந்திரி சொன்னாலும் முடியாது, ஏனென்றால் கம்பியின் அந்த முனையில் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருக்கலாம். மின்சாரக்காரர்கள் மற்ற எல்லா விதிகளையும் வசதிப்படி வளைத்துக்கொண்டாலும் இந்த ஒன்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள்.

தென்திசை மின்பகிர்மானக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருநாள் கொற்றலூருக்குச் சுற்றறிக்கை வந்தது. நாசவேலையும் இணையத் தாக்குதலும் எந்த நேரமும் வரலாம், எரிசக்தி நிறுவனங்கள் எல்லாம் நெருக்கடியைச் சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டும், ஆகவே ஒத்திகை நடத்துக என்று அதில் இருந்தது. முதலில் கடவுச்சொற்களை மாற்றினார்கள், யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அளவு நீளமாக மாற்றினார்கள், அதனால் அவற்றைத் தாளில் எழுதி மானிட்டரின் நெற்றியிலேயே ஒட்டினார்கள், எதிரி வந்தால் படித்துவிடுவானே என்று ஒருவர் கவலைப்பட்டதும் ‘எதிரிகள் படிக்கக் கூடாது’ என்று அதன் கீழே இன்னொரு தாளை ஒட்டினார்கள். பிறகு சென்னையிலிருந்து நிவேதன் என்ற ஆலோசகர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் லேப்டாப்புமாக வந்த அவருடைய வேலை, வரப்போகும் நெருக்கடியைக் கதையாக எழுதிக்கொடுப்பது.

நெருக்கடிக்கு ஒரு நாசக்காரன் வேண்டும், நாசக்காரனுக்கு ஒரு காரணம் வேண்டும். நிவேதனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்த நேரம் ஒத்திகைக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் சுடலைமணி, அந்த மின்நிலையத்தின் ஒப்பந்தத் தொழிலாளி.

“அண்ணா, இங்க யாருக்காவது கம்பெனி மேல கோபம் இருக்குமா?”

“கோபப்பட எங்க தம்பி நேரம்? பதினோரு வருஷமா கான்ட்ராக்ட்ல ஓடுதேன். காத்தடிச்சி லைன் அறுந்தா நான்தான் ஏறணும், ஆனா நான் ஏறுததா எங்கயும் எழுத்து கெடையாது. பெர்மனென்ட் ஆக்குதோம் ஆக்குதோம்ங்கான். இந்த வருஷம் தாண்டிச்சின்னா அதுக்கும் வயசு போயிரும். கோபம்லாம் இல்ல, வயித்தெரிச்சல்தான்.”

“சூப்பர்ணா,” என்று சொல்லி நிவேதன் அதை அப்படியே தட்டினார்.

கதை சட்டப் பிரிவுக்குப் போனது. நாசக்காரனுக்கு வைக்கும் பெயர் கம்பெனியில் வேலை பார்க்கும் யாருக்கும் இருக்கக் கூடாது, மானநஷ்ட வழக்கு வரும் என்றார்கள். ஊழியர் பட்டியல் முழுவதையும் சலித்து, யாருக்கும் இல்லாத பழைய பெயராக அந்துவன் என்பதைக் கண்டுபிடித்தார்கள். தகப்பனார் பெயர் இருந்தால் அந்தத் தகப்பனார் வருத்தப்படலாம் என்று அதை அடித்தார்கள், ஊர் இருந்தால் ஊர்க்காரர்கள் மறியல் செய்யலாம் என்று அதை அடித்தார்கள், சாதியும் மதமும் சொல்லவே வேண்டாம், வயது போட்டால் அந்த வயதுக்காரர்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டதாகும் என்று அதையும் அடித்தார்கள். மிஞ்சியது ஒரு பெயரும், பதினோரு வருட வயிற்றெரிச்சலும், கடைசிப் பக்கத்தில் ஒரு வரியும்தான்: ‘அந்துவனின் குறை தீர்க்கப்பட்டு நெருக்கடி முடிவுக்கு வருகிறது.’ எப்படித் தீர்க்கப்படுகிறது என்று எழுத நிவேதனுக்கு நேரம் இல்லை, ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தார்.

ஒத்திகை நாளில் பந்தல் போட்டார்கள், பேனர் கட்டினார்கள், பெரிய அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கதைப்படி அந்துவன் ஒரு லைன்மேனைப் போலப் பேசி கீழத்தெரு லைனுக்கு எல்.சி. கேட்டு ஏமாற்ற வேண்டும். அந்துவனாகப் போனில் பேசப்போவது யார் என்று முடிவு செய்ய எல்லாரும் மறந்திருந்தார்கள். ஆனாலும் குறித்த நேரத்துக்குப் போன் மணியடித்தது, ஜெயசீலி எடுத்தார்.

“அந்துவன் பேசுதேன். கீழத்தெரு லைனுக்கு எல்.சி. வேணும்.”

“உங்க பேரு எங்க லிஸ்ட்ல இல்லையே அண்ணாச்சி?”

“லிஸ்ட்ல இருந்தா நான் ஏம்மா இந்த வேலைக்கு வாரேன்?”

கதைப்படி ஜெயசீலி ஏமாற வேண்டும், அதனால் ஏமாந்தார். லைனை நிறுத்தினார், பூட்டினார், பலகையைத் தொங்கவிட்டார். அதிகாரிகள் கைதட்டினார்கள், இணையப் பாதுகாப்பு பற்றி ஒருவர் பேசினார், பந்தலுக்கும் கீழத்தெரு லைன்தான் என்பதால் அவர் பேசும்போது மைக் வேலை செய்யவில்லை, அதையும் ஒத்திகையின் ஒரு பகுதி என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டினார்கள், பிறகு பிரியாணி சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்து, வந்த கார்களில் ஏறிப் போனார்கள்.

பந்தலைப் பிரிக்கும்போது உதவிப் பொறியாளர் ராமபத்ரன் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்து, “கீழத்தெருவுக்குக் கரண்ட்டப் போட்டுரும்மா” என்றார்.

“எல்.சி. வாங்கினவரு இன்னும் திருப்பித் தரலியே சார்.”

“வாங்கினது யாரு?”

“அந்துவன்.”

“ஏம்மா, அப்படி ஒரு ஆளே கெடையாதேம்மா!”

“அப்ப அந்தா கம்பத்துல இருக்கது யாரு சார்?”

ராமபத்ரன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழத்தெரு முக்கில், டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த கம்பத்தின் உச்சியில் ஒரு ஆள் கம்பியைப் பிடித்தபடி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, “சாப்பிட்டாராமா?” என்று கேட்டார்.

அப்படித்தான் அந்துவன் கொற்றலூருக்கு வந்தான். பொழுது சாய இறங்கி வந்த அவனிடம் எல்.சி.யைத் திருப்பித் தரச் சொன்னபோது, தருவதற்கு நான் தயார், குறையைத் தீர்த்துவிட்டீர்களா என்று பணிவாகக் கேட்டான், தீர்த்தால்தானே கதை முடியும் என்றான், இல்லையென்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

கீழத்தெருக்காரர்கள் முதலில் தலைமை அலுவலகத்தின் புகார் எண்ணுக்குப் போன் செய்தார்கள். ஒத்திகை முடிந்ததும் தலைமை அலுவலகத்தின் பெரிய திரையில் கீழத்தெருவை மறுபடி பச்சையாக மாற்றிவிட்டிருந்தார்கள், ஆகவே ‘உங்கள் பகுதியில் மின்தடை எதுவும் இல்லை, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்’ என்று பதில் வந்தது. அடுத்து அவர்கள் அந்துவனைத் திட்டினார்கள். திட்டுவதற்குத் தகப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ கிடைக்காததால் திட்டு அவன்மேல் ஒட்டவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. மாவு மில்காரர் வந்து, “நீரு எந்த ஊருவே?” என்று கேட்டார்.

“ஊர அடிச்சிட்டாங்க அண்ணாச்சி.”

“என்ன ஆளுக?”

“அதையும் அடிச்சிட்டாங்க.”

மாவு மில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “குடுத்து வச்ச ஆளுவே நீரு,” என்றார்.

ஆனால் அவனுக்கு வாடகைக்கு வீடு மட்டும் யாரும் தரவில்லை. எந்த ஊர், எந்த ஆள் என்பதையே அடித்துவிட்ட ஒருவனுக்கு எந்தத் தெருவில் வீடு தருவது என்று முடிவுசெய்ய முடியாமல் மேலத்தெருவும் கீழத்தெருவும் திகைத்தன. அவன் மின்நிலையத்துச் சுவரோரம் சுடலைமணி ஏணி வைக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டான். அவன் சட்டை நீலம் என்று சிலரும் காக்கி என்று சிலரும் சொன்னார்கள், கதையில் நிறம் எழுதப்படாததால் இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. அவனுக்கு முடி வளரவில்லை, அதனால் சலூன்காரருக்கு அவன்மேல் வருத்தம். பசி மட்டும் இருந்தது. வயிற்றெரிச்சல் எழுதப்பட்டிருந்ததால் வயிறும் கூடவே வந்திருக்க வேண்டும் என்று ஜெயசீலி நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஒரு வேளையாகச் சோறு போட்டார்கள். கரண்ட்டை நிறுத்தி வைத்திருப்பவனுக்கே சோறு போடுவது என்ன நியாயம் என்று ஒரு பெண் கேட்க, “கரண்ட்ட நிறுத்துதவனுக்குத்தான் மாசாமாசம் பில்லு கெட்டுதோம், சோறு போட்டா என்ன?” என்று இன்னொருத்தி சொன்னாள். தெரு முழுக்க அம்மியும் விசிறியும் வெளியே வந்தன, குளிர்பானக் கடை மோர்க் கடையானது, ராத்திரி எட்டு மணிக்கு ஊர் உறங்கப் போனது. சில வாரங்களில் கீழத்தெருக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் ‘எல்.சி. தெரு’ என்றே முகவரி போடத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் அதிகம் சந்தோஷமாக இருந்தது சுடலைமணியும் அவரோடு ஒப்பந்தத்தில் இருந்த மற்றவர்களும்தான். ஒரு லைன் இவ்வளவு காலம் உயிரில்லாமல் கிடப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் அவசர அவசரமாக, போடு போடு என்று விரட்டப்பட்டுச் செய்த வேலைகளை இப்போது நிதானமாகச் செய்தார்கள். கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் விரிசல் விட்டவற்றை மாற்றினார்கள், கம்பியில் உரசிய கிளைகளை வெட்டினார்கள். அந்துவன் பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். கரண்ட் இல்லாத கீழத்தெருவின் லைன்தான் அந்த மாவட்டத்திலேயே ஒழுங்கான லைன் ஆயிற்று.

ஒருநாள் கம்பத்தின் மேலேயே சுடலைமணி சொன்னார்: “நீரு கேக்கது என் பதினோரு வருஷமாக்கும். அந்தச் சென்னைக்காரத் தம்பிட்ட நான்தான் வாயத் தொறந்தேன்.”

“தெரியும் அண்ணாச்சி. எனக்குன்னு வேற எதும் கெடையாதுல்லா. காலைல முழிச்சா அது ஒண்ணுதான் ஞாபகம் வருது. உமக்கு எப்படிவே இத வச்சிக்கிட்டு சிரிக்க முடியுது?”

“எனக்கு வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கு, மக இருக்கா. அதுல மறந்துரும்.”

“அப்ப எனக்குத்தான் முழுசா எரியுது,” என்றான் அந்துவன்.

தலைமை அலுவலகத்தில் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு ‘நெருக்கடி ஆயத்த விருது’ தென்திசைக் கம்பெனிக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. விருதுக்கு ஒத்திகையை முடித்துவிட்டதாகக் கணினியில் பதிய வேண்டும், கணினியோ ‘குறை தீர்க்கப்பட்டதா?’ என்று கேட்டது, ஆம் என்று பொய்யாக அழுத்தினால் ஏற்கவில்லை, அவ்வளவு பாதுகாப்பாக அதை மாற்றியமைத்திருந்தார்கள். எனவே கொற்றலூர் மின்நிலையத்திலேயே ஒரு குழு கூடியது. நிவேதனும் காணொளியில் வந்து, சுலபம் சார், அந்துவன் கம்பத்திலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான் என்று கதையில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன் என்றார்.

ஓரத்தில் நின்ற அந்துவன், “வலிக்குமா தம்பி?” என்று மட்டும் கேட்டான். திரையில் நிவேதன் உறைந்துபோனது நெட்வொர்க்கினாலா வேறு எதனாலா என்பது எனக்குத் தெரியாது.

“எல்.சி. வாங்கினவரு லைன்ல இறந்தா விசாரணை முடியுத வரை லைனத் தொடக் கூடாது சார்,” என்றார் ஜெயசீலி. விசாரணைகள் எவ்வளவு காலம் நடக்கும் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். அந்த வரியைக் கைவிட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் மேலே இருந்து வந்த நெருக்கடி தாங்காமல் ராமபத்ரனே கன்ட்ரோல் ரூமுக்கு வந்து பலகையைக் கழற்றக் கை நீட்டினார்.

“எழுத்துப்படி லைன்ல யாரும் இல்லைம்மா. அந்துவன் கற்பனை. சுடலைமணி கான்ட்ராக்ட், அவன் கம்பத்துல ஏறுததே இல்லைன்னுதான் நாம எழுதிக் கொடுத்திருக்கோம்.”

ஜெயசீலி தடுக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். கம்பத்தில் சுடலைமணி ஒரு கம்பியை முறுக்கியபடி எதற்கோ சிரிப்பது அறை வரை கேட்டது. ராமபத்ரன் நீட்டிய கையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைசியில் சட்டப் பிரிவுதான் வழி கண்டுபிடித்தது: குறையைத் தீர்த்துவிடுவது. இல்லாத ஆளை நிரந்தரமாக்குவதால் நிறுவனத்துக்கு எந்த இழப்பும் இல்லை. அந்துவனுக்கு நிரந்தரப் பணி ஆணை தயாரானது. செய்தி தெரிந்த சுடலைமணி முதல்முறையாக ராமபத்ரனின் அறைக்குள் போய் நின்றார்.

“சார், அதே பதினோரு வருஷம்தான எனக்கும். டிசம்பர் தாண்டிட்டா நான் அவ்வளவுதான். ஆணைல ரெண்டாவதா என் பேரையும் சேத்துக்கிடப்பிடாதா?”

ராமபத்ரன் நல்ல மனிதர் என்றுதான் ஜெயசீலி சொன்னாராம். “உன் கேஸ் வேற சுடலை,” என்றார். “நீ நிஜமான ஆளு. உனக்கு வயசுச் சான்று வேணும், சாதிச் சான்று வேணும், கான்ட்ராக்டர் சான்று வேணும், நீ வேலை செஞ்சதுக்குச் சான்று வேணும், செய்யலைன்னு நாங்களே எழுதியிருக்கோம். அந்துவனுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கெடையாது. எல்லாத்தையும் அடிச்சாச்சு.”

ஆணை வந்த அன்று கீழத்தெரு முழுவதும் கம்பத்தடியில் கூடியது. அந்துவன் கம்பத்தின் மேலே இருந்தான், சுடலைமணியும் மேலே இருந்தார், ஆணையைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். அந்துவன் அதைப் படித்தான், இரண்டாம் தடவை உதடு அசையப் படித்தான், ரொம்ப நாள் முதுகில் இருந்த மூட்டையை இறக்கியவனைப் போல மூச்சு விட்டான். பிறகு காகிதத்தைச் சுடலைமணியிடம் நீட்டினான்.

“இதப் பிடியும் அண்ணாச்சி. திருப்பித் தாரேன்னு நான் சொல்லி முடிச்சதும் கதை முடிஞ்சிரும். அதுக்கு அப்புறம் இதப் பிடிச்சிக்கிட எனக்குக் கை இருக்காது.”

“நான் இத வச்சி என்னவே செய்ய?”

“அதுல தகப்பன் பேரு இல்ல, ஊரு இல்ல, வயசு இல்ல, போட்டோ இல்ல. நேர்ல போயி நிக்க ஒரு ஆளு வேணும், அம்புட்டுதான். மொதல்ல நீரு இறங்கும், நான் ஆளுக் கணக்குல வரல, ஆளெல்லாம் இறங்கியாச்சுன்னு நான் பொய் சொல்லக் கூடாதுல்லா.”

சுடலைமணி இறங்கினார். மேலே அந்துவன் போனை எடுத்து, ஜெயசீலிக்குக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னான்: “அந்துவன் பேசுதேன். ஆளெல்லாம் இறங்கியாச்சு. எல்.சி.யைத் திருப்பித் தாரேன்.” ஜெயசீலி பலகையைக் கழற்றினார், பூட்டைத் திறந்தார், கீழத்தெருவின் எல்லா வீட்டிலும் அணைக்க மறந்துபோயிருந்த மின்விசிறிகளும் டிவிகளும் மிக்ஸிகளும் ஒரே நேரத்தில் அலறின, எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள், திரும்பி வந்து பார்த்தபோது கம்பத்தில் ஒரு காகம் இருந்தது.

அன்று வீட்டில் சுடலைமணி காகிதத்தை மனைவி முத்துப்பேச்சியிடம் காட்டினார்.

“பேர மாத்திக்கிடணும்லா.”

“மாத்துமே.”

“பதினோரு வருஷமும் இல்லன்னு ஆயிரும். நேத்து சேந்தவன் கணக்குதான். சுடலைமணின்னு ஒருத்தன் கம்பத்துல ஏறுனதே இல்லன்னு ஆயிரும்.”

“இப்ப மட்டும் ஏறுனதா எங்க இருக்கு?” என்றாள் முத்துப்பேச்சி. “நான் என்னைக்கு உம்ம பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், இப்ப மாத்திக் கூப்பிட? வாரும், சோறு ஆறுது.”

மகள் மட்டும், பரீட்சைத் தாளில் தன் பெயருக்கு முன்னால் இனி ‘சு’ போடுவதா ‘அ’ போடுவதா என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று ரூபனுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் சுடலைமணி துவைத்த சட்டையோடு மின்நிலையத்துக்குப் போய் ஆணையை மேசையில் வைத்தார். ராமபத்ரன் காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாங்க அந்துவன்,” என்றார். ஒத்திகை ஆணைக்கும் நிஜ ஆணைக்கும் வித்தியாசம் சொல்லித்தர யாரும் மெனக்கெடாததால் கணினி அவருக்கு மாதாமாதம் சம்பளம் போட்டது. வயது அடிக்கப்பட்டிருந்ததால் ஓய்வு பெறும் நாளும் இல்லை. கம்பெனி விருது வாங்கியது. சுடலைமணி என்ற ஒப்பந்தத் தொழிலாளி வேலைக்கு வருவதில்லை என்று கான்ட்ராக்டர் அந்தப் பெயரை எடுத்துவிட்டார். ஒரே ஒரு பழக்கம் மட்டும் போகவில்லையாம்: எல்.சி. கேட்டு ஜெயசீலிக்குப் போன் செய்யும்போது அவர் ஒவ்வொரு முறையும் ‘சு’ என்று ஆரம்பித்து, நிறுத்தி, பிறகுதான் அந்துவன் என்பார். ஜெயசீலி அதுவரை காத்திருப்பார்.

ரூபன் சொன்னது இவ்வளவுதான்.

தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்காகத் தென்திசைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போன வாரம் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு கட்டடத்துக்குள் போன முதல் ஆள் நான், பயத்தில் சீக்கிரமே போய்விட்டேன், அதனால் நடைபாதையில் ஒட்டியிருந்ததையெல்லாம் படிக்க நேரம் இருந்தது. இந்த ஆண்டின் நெருக்கடி ஒத்திகைக்கான சுற்றறிக்கை அங்கே இருந்தது. இடம், கொற்றலூர். நாசக்காரனின் தகப்பனார் பெயர், ஊர், வயது ஆகியவை அடிக்கப்பட்டிருந்தன. நோக்கம், பதினோரு ஆண்டுகள் ஒப்பந்தத்தில் இருந்தும் நிரந்தரமாக்கப்படாதது. அதை மாற்ற யாருக்கும் காரணம் இருந்திருக்காது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள், அந்துவன் என்ற பெயரில் இப்போது ஓர் ஊழியர் இருக்கிறார் அல்லவா. தவறாக எழுதிவிடக் கூடாது என்று கிட்டே போய் மறுபடியும் படித்தேன். பெயர் என்ற இடத்தில் ‘சுடலைமணி’ என்றும், அதன் கீழே சட்டப் பிரிவின் முத்திரையோடு, ‘சரிபார்க்கப்பட்டது: இப்பெயரில் எவரும் இந்நிறுவனத்தில் ஒருபோதும் பணிபுரிந்ததில்லை’ என்றும் இருந்தது.